அப்பாவுக்கு 74 வயசு, பாத்ரூம்ல வழுக்கி விழுந்து பின்னந்தலையில அடி. வீக்கம் மட்டும்தான், நல்லாதான் பேசுறார். ஸ்கேன் எடுக்கணுமா?

எடுத்துடுங்க. நான் டாக்டர் இல்ல, என் மாமனார் விஷயத்துல பாத்ததையும் அப்ப நியூரோ டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டதையும் வச்சு சொல்றேன்.

மொதல்ல அப்பா என்னென்ன மாத்திரை சாப்பிடுறார்னு பாருங்க, நீங்க அத எழுதவே இல்ல. ஹார்ட்டுக்கு க்ளோபிடோக்ரெல், அசிட்ரோம், வார்ஃபரின்னு ரத்தம் உறையாம இருக்க ஏதாவது போயிட்டிருந்தா வெளில ஒண்ணும் தெரியாட்டியும் பெரும்பாலும் சிடி ஸ்கேன் எடுக்கத்தான் சொல்லுவாங்க.

வயசாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கிடும், அப்ப மூளைக்கும் அதோட மேல்உறைக்கும் நடுவுல போற சின்ன ரத்தக்குழாய் எல்லாம் இழுத்து கட்டின மாதிரி நிக்கும், லேசான அடிக்கே கிழிஞ்சு ரத்தம் கொஞ்சம் கொஞ்சமா கசியும். உள்ள இடம் இருக்கறதால உடனே ஒண்ணும் தெரியாது, ரெண்டு மூணு வாரம், சில பேருக்கு அதுக்கும் மேல கழிச்சுதான் வெளில காட்டும். அதனால இன்னைக்கு ஸ்கேன் நார்மல்னு வந்தாலும் விஷயம் முடிஞ்சு போச்சுன்னு விட்றாதீங்க. அமெரிக்க ஜனாதிபதியா இருந்த ரீகன் 1989 ஜூலைல குதிரைலருந்து விழுந்தார், மூளைல ஆபரேஷன் நடந்தது செப்டம்பர்ல.

மாமனார் விழக்கூட இல்ல, பரண்ல ஏதோ எடுக்கப்போய் மரச்சட்டத்துல நங்குன்னு இடிச்சிக்கிட்டார், அவ்ளோதான். சில வாரம் கழிச்சு ஒரு கால் செருப்பு கழண்டது கூட தெரியாம வாசல்லருந்து தெருமுனை வரைக்கும் போயிருக்கார், சாப்பிட்டுட்டு இன்னும் சாப்பிடலன்னு சண்டை, பகல்ல எந்நேரமும் தூக்கம். சொந்தக்காரங்க எல்லாம் வயசாச்சுல்லன்னாங்க, ஒருத்தர் பக்கவாதம் ஆரம்பிக்குது ஆஸ்பிரின் குடுங்கன்னார், நல்லவேளை என் வீட்டம்மா குடுக்க விடல (உள்ள ரத்தம் கசியிறப்ப அத குடுத்தா இன்னும் மோசம்). ஸ்கேன்ல பாத்தா ஒரு பக்கம் பூரா ரத்தம் தேங்கி மூளைய தள்ளிட்டு இருந்துச்சு. மண்டைல ரெண்டு ஓட்டை போட்டு வடிச்சாங்க, பழைய இன்ஜின் ஆயில் மாதிரி இருந்துச்சுன்னு டாக்டர் சொன்னார். அடுத்த நாளே பேப்பர் கேட்டார் மனுஷன்! சில பேருக்கு திரும்ப தேங்கும்னு சொன்னதால அப்புறமும் ஸ்கேன் எடுத்தோம்.

வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம், ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி, தலைவலி ஏறிக்கிட்டே போறது, இதுல எது வந்தாலும் ராத்திரின்னு பாக்காம 108க்கு கூப்பிடுங்க. நடை தள்ளாடுறது, பேச்சு குழறுறது, குணம் மாறுறது மாதிரி மெதுவா வர்றத ஒரு ரெண்டு மாசத்துக்காவது கவனிங்க, கூடவே இருக்கிறவங்களுக்குத்தான் அது கண்ணுல படும்.

ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரைய பயந்துபோய் நீங்களா நிறுத்தாதீங்க, ஹார்ட்ல ஸ்டென்ட் (ரத்தக்குழாய் அடைக்காம இருக்க வைக்கிற சின்ன வலைக்குழாய்) வச்சவங்களுக்கு அதுவே ஆபத்து. அப்புறம் ஏன் விழுந்தார்னும் கேளுங்க, ஈரத்தரைன்னு முடிவு பண்ணிடாதீங்க. பிபி மாத்திரை, ப்ராஸ்டேட் மாத்திரை சாப்பிடுற சில பேருக்கு சட்டுனு எழுந்தா பிரஷர் இறங்கி கண்ண கட்டும். மாத்திரை சீட்டு மொத்தத்தையும் டாக்டர்கிட்ட எடுத்துட்டு போங்க, ஸ்கேன் ரிசல்ட் வந்ததும் கமெண்ட்ல போடுங்க.