0,25 சென்ட்டா, 25 சென்ட்டா? முதலில் உங்கள் தலையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். விளம்பரத்தைக் கிளிக் செய்தால் பணம் தரும் ஒரு இணையதளத்தில் ஜனவரி முதல் ஆகஸ்டு வரை தினமும் 50 விளம்பரம் பார்த்தேன். கண் எரிய, பிள்ளைகளைக்கூடக் கவனிக்காமல், மொத்தம் 11,200 கிளிக். ஒரு கிளிக்குக் கட்டணம் 0,25 (இங்கே 0.25ஐ இப்படித்தான் எழுதுவார்கள்) என்று போட்டிருந்தது. 25 சென்ட் என்று எடுத்துக்கொண்டேன். நூறு சென்ட் ஒரு ராண்ட், அப்படியானால் 2,800 ராண்ட் வந்திருக்க வேண்டும். மார்ச் கடைசியில் 10 ராண்ட், ஜூனில் 10 ராண்ட் எடுத்தேன். 8 ராண்ட் நிற்கிறது. கால் சென்ட்தான் கட்டணமாம். இதற்கு 1,200 ராண்ட் கட்டி அப்கிரேட் வேறு செய்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதியதை நம்பி உறவுக்காரர்கள் ஆறு பேர் சேர்ந்தார்கள், அண்ணி உட்பட நாலு பேர் ஏப்ரலுக்குப் பிறகு. அவர்களின் அப்கிரேட் பணத்தை என் வங்கிக் கணக்கில் வாங்கி நான்தான் கட்டினேன். சேர்த்துவிட்டதற்கு எனக்கு ஆளுக்கு 150 ராண்ட் கமிஷன் கிடைத்தது. புரட்டாசி விரதச் சாப்பாட்டில் அண்ணி எல்லார் முன்னாலும் என்னைத் திருடி என்றார். தளத்தின் மேலும் அண்ணியின் மேலும் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் (சின்னத் தொகை வழக்குகளுக்கான நீதிமன்றம்) வழக்குப் போடலாமா?

பதில்: அண்ணி விஷயத்தை ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். அவதூறு வழக்கை அந்தக் கோர்ட் எடுக்காது. எட்டு மாதம் கண் எரிய உட்கார்ந்தது, பிள்ளைகளைக் கவனிக்க முடியாமல் போனது, இதெல்லாம் வருத்தம்தான். ஆனால் நீதிமன்றத்தில் இதற்கு விலை கிடையாது.

உங்கள் கடிதத்தில் சட்டப்படி முக்கியமான வரி ஒன்றே ஒன்று: மார்ச் கடைசியில் 10 ராண்ட் எடுத்தேன் என்பது.

அதுவரைக்கும் உங்கள் பக்கம் கொஞ்சம் பலம் இருந்தது. 0,25 என்று மொட்டையாகப் போட்டு, அலகை எங்கோ பொடி எழுத்தில் ஒளித்து வைத்தால், அந்தக் குழப்பத்தை எழுதியவருக்கு எதிராகவே படிக்க வேண்டும் என்று வாதாடலாம். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவும் நுகர்வோருக்குச் சாதகமாகப் படிக்கச் சொல்கிறது. இந்த நாட்டில் 1, 2 சென்ட் நாணயங்களே 2002இல் நிறுத்தப்பட்டுவிட்டன. கால் சென்ட் என்று ஒரு கூலி இருக்கும் என யாருக்குத் தோன்றும் என்று கேட்டிருக்கலாம்.

ஆனால் மார்ச்சில் 4,000 கிளிக்குக்கு 10 ராண்ட் வந்தது. ஆயிரம் ராண்ட் வர வேண்டும் என்று நம்பியிருந்தால் அன்றைக்கே சண்டை போட்டிருப்பீர்கள். வாங்கிக்கொண்டு மறுநாளும் கிளிக் செய்தீர்கள். ஜூனில் இன்னொரு தடவை. அந்தக் கோர்ட்டில் தீர்ப்புச் சொல்லும் கமிஷனர் இதைத்தான் பார்ப்பார்: இரண்டு பக்கமும் ஒப்பந்தத்தை எப்படிப் புரிந்து நடந்துகொண்டார்கள்? 1992இல் சோனாப் பெட்ரோலியம் வழக்கில், 20 ஆண்டுக் குத்தகை ஒரு திருத்தத்தில் 15 ஆண்டு என்று தவறாக விழுந்துவிட்டது. தவறு என்று தெரிந்தும் அதைப் பிடித்துக்கொண்ட தரப்புக்கு அப்பீல் நீதிமன்றம் இடம் கொடுக்கவில்லை. நீங்களும் அந்தத் தரப்பு மாதிரிதான் தெரிவீர்கள். ஒரு கிளிக்குக் கால் ராண்ட் தருவதாக ஒரு விளம்பரதாரர் இருப்பார் என்று உங்களால் எவ்வளவு நாள் சொல்ல முடியும்? இந்த வகைத் தளங்களில் ஆயிரம் கிளிக்குக்கு ஒரு டாலர் என்பது சாதாரணக் கட்டணம். அதற்கு மேல், வெளிநாட்டில் எங்கோ இருக்கும் கம்பெனிக்கு இங்கே சம்மன் சேர்ப்பிக்கவே வழியில்லை. அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள்.

சரி, இப்போது நான் பயப்படும் விஷயம். உங்களுக்கு இது இன்னும் உறைக்கவில்லை.

தளத்தைத் தேடிப் பிடிக்க முடியாது. உங்களைப் பிடிக்கலாம். ஆறு பேர், ஆளுக்கு 1,200, மொத்தம் 7,200 ராண்ட் உங்கள் வங்கிக் கணக்கு வழியாகப் போயிருக்கிறது. “கிளிக்குக்கு 25 சென்ட், ஒரு நாளைக்குப் பன்னிரண்டரை ராண்ட், நாலு மாதத்தில் போட்ட காசு வந்துவிடும்” என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதியதாக நீங்களே சொல்கிறீர்கள். மார்ச்சுக்கு முன்னால் எழுதியிருந்தால் அறியாமல் சொன்ன பேச்சு என்று நிற்கலாம். முதல் 10 ராண்ட் கைக்கு வந்த பிறகும் அதையே சொல்லி ஆள் சேர்த்திருந்தால், அது கவனக்குறைவான தவறான தகவல். நஷ்ட ஈட்டில் போய் நிற்கும். கடிதத்தில் உள்ள தேதிகளைப் பார்த்தேன். ஆறு பேரில் நாலு பேர் ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்கள். அண்ணியும் அதில் ஒருவர்.

அப்புறம் அந்த 150 ராண்ட் கமிஷன். பொருளோ சேவையோ விற்காமல், ஆள் சேர்த்ததற்காகவே கிடைக்கும் காசு பிரமிட் திட்டத்தின் அடையாளம். அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவு இதைத் தடை செய்கிறது. ஏமாந்து சேர்ந்தவர், எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். பரப்பியவருக்கு அந்தக் கதவு அவ்வளவு லேசாகத் திறக்காது.

என்னிடம் வந்தவர்கள் இந்த இடத்தில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். கோபத்தில் முதலில் தாங்களே வழக்குப் போடுவார்கள். ஆதாரமாகத் தளத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இணைப்பார்கள். அதே படத்தில் கமிஷன் பட்டியலும் இருக்கும். தாங்கள் வாங்கிய காசைத் தாங்களே நிரூபித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். உறவுக்காரர்கள் அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு தனித்தனியாக வழக்குப் போடுவார்கள். அந்தக் கோர்ட்டின் வரம்பு ஒரு வழக்குக்கு 20,000 ராண்ட். ஆளுக்கு 1,200 அதற்குள் தாராளமாக அடங்கும். வக்கீல் வைக்க முடியாது, தீர்ப்புக்கு அப்பீலும் கிடையாது.

இன்னொரு வகை, பயந்துபோய் இரவு பதினோரு மணிக்கு “அண்ணி, கட்டாயம் திருப்பித் தந்துவிடுகிறேன்” என்று மெசேஜ் போடுவது. அது கடனை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடலாம். வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் காலவரம்பும் அந்த நாளிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும். குழுவில் போட்டதை அழிப்பது அதைவிட மோசம். ஆறு பேர் போனிலும் அது இருக்கிறது. அழித்தவர் நீங்கள் என்பது மட்டும்தான் புதிதாகத் தெரிய வரும்.

ஆகவே சமரசம். கசப்பாக இருக்கும், ஆனாலும் இதைத்தான் சொல்வேன். ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்த நாலு பேருக்கும் 1,200 முழுசாகத் திருப்பிக் கொடுங்கள்: 4,800. முன்னால் சேர்ந்த இரண்டு பேருக்கு அவர்களால் கிடைத்த கமிஷனை மட்டும்: 300. ஆக 5,100 ராண்ட். கமிஷனாக வந்த 900 இதில் போய்விடும். அதிகம் சத்தம் போடுகிறவர் என்று அண்ணிக்கு மட்டும் முதலில் கொடுக்காதீர்கள். மற்றவர்களும் அதைப் பார்த்துச் சத்தம் போட ஆரம்பிப்பார்கள். எல்லாருக்கும் ஒரே நாளில், வங்கி வழியாக.

ஒவ்வொருவரிடமும் ஒரு தாளில், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் தரப்படும் தொகை, முழுமையான இறுதித் தீர்வு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தொகை சின்னது, எழுத்து எதற்கு என்று யாராவது சொன்னால், எழுதும்வரை பணம் போடாதீர்கள். போலீஸில் புகார் கொடுக்க மாட்டேன் என்ற வாக்குறுதி மட்டும் அந்தத் தாளில் வரவே கூடாது. காசு வாங்கிக்கொண்டு குற்றத்தை மறைக்க உடன்படுவது இங்கே தனிக் குற்றம். குடும்பப் பெரியவர் யாராவது நல்லெண்ணத்தில் அந்த வரியைச் சேர்க்கச் சொன்னால், கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.