தோட்ட வேலை செய்பவர்களுக்குச் சங்கம் இருந்தால் என்ன பயன்?

கேள்வி: மதுரையில் வீடுகளுக்குத் தோட்டப் பராமரிப்பு செய்து சம்பாதிக்கிறேன். நமக்கென்று ஒரு சங்கம் இருந்தால் நிஜமாகவே பயன் உண்டா?

உண்டு. நானும் கே.கே.நகர், அண்ணா நகர் பக்கம் இதே வேலைதான் பார்க்கிறேன். நம் தொழிலில் பெரிய கஷ்டமே ஆளாளுக்குத் தனியாக நிற்பதுதான். மாதச் சம்பளம் பேசும்போது களை, உரம், தண்ணீர் என்றுதான் ஆரம்பிப்பார்கள். போகப் போகத் தென்னை மட்டையை இறக்கச் சொல்வார்கள், அப்புறம் மொட்டை மாடித் தொட்டி, அப்புறம் கார். முடியாது என்றால், கூலியைக் குறைத்துக்கொண்டு வர அடுத்த தெருவில் ஆள் இருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரும் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டியவர். ஒரு ஏரியாவில் வேலை பார்ப்பவர்கள் கூடி உட்கார்ந்து, மாதக் கூலிக்குள் எது அடங்கும், எதற்குத் தனிக்கூலி என்று முடிவு செய்துவிட்டால், அதன்பின் யாரும் யார் வேலையையும் கெடுக்க வேண்டியதில்லை.

தொழில் அறிவும் அப்படித்தான். மல்லிகை பூக்கவில்லை என்று புலம்பாத வீடு இல்லை. உசிலம்பட்டிப் பக்கம் மல்லித் தோட்டத்தில் வேலை பார்த்தவரைக் கேளுங்கள்: நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்து தொழு உரம் வைத்தால், மார்ச்சில் அரும்பு கட்டத் தொடங்கும் என்பார். டவுனிலேயே வேலை பழகியவர் அவ்வளவு கீழே கத்தரி வைக்கப் பயப்படுவார். செடிக்கு முன்னால் நின்று ஒருவர் வெட்டிக் காட்டினால்தான் அந்தப் பயம் போகும். பிரிட்டனில் தொழில்முறைத் தோட்டக்காரர்கள் 1977-லேயே தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். கஷ்டப்படும் தோட்டக்காரர் குடும்பங்களுக்கு உதவ 1839-ல் அங்கே தொடங்கிய நல அமைப்பு, 'பெரென்னியல்' என்ற பெயரில் இன்றும் நடக்கிறது.

இங்கே அரசுத் திட்டங்கள் இருக்கின்றன, கையைப் பிடித்து அழைத்துப் போகத்தான் ஆள் இல்லை. நம்மைப் போன்ற அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக மத்திய அரசு நடத்தும் இ-ஷ்ரம் பதிவுக்குக் காசு கிடையாது. பிரதமர் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டுக்கு வருடம் 20 ரூபாய்தான், வங்கிக் கணக்கில் இருந்தே பிடித்துக்கொள்வார்கள். உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். பாம்புக் கடியும் மரத்திலிருந்து விழுவதும் இதில் சேரும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன பதிவு வேண்டும். சருகைக் கையால் அள்ளுகிற நமக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. மருத்துவச் செலவுக்கு இதில் பணம் வராது. அதற்குத்தான் சங்கத்தில் மாதச் சந்தா போட்டு ஒரு நிதி வைக்க வேண்டும்.

சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். ஆனால் பதிவுக்காகக் காத்திருக்காதீர்கள். உங்கள் ஏரியாவில் சைக்கிளிலோ டிவிஎஸ்ஸிலோ மண்வெட்டி கட்டிக்கொண்டு போகிறவர்களிடம் முதலில் பேசுங்கள். ஒருவர் காய்ச்சலில் படுத்தால் அவர் வீடுகளை மற்றவர்கள் பார்த்துக்கொள்வது, குணமானதும் திருப்பிக் கொடுத்துவிடுவது என்ற ஒரே ஒரு ஏற்பாட்டோடு ஆரம்பியுங்கள். கூலிப் பேச்சை அடுத்த கூட்டத்தில் எடுக்கலாம்.