யூக்கா பாலிடா: கேளுங்க, சொல்றேன்

கே: அக்கா, டாலஸுக்குப் புதுசு. வாசலில் யூக்கா பாலிடா, அதான் கற்றாழை மாதிரி இலைக் கொத்து விடற செடி, வைக்க ஆசை. என்ன மண் வேணும்?

ப: வட டெக்சாஸின் பிளாக்லேண்ட் புல்வெளிதான் அதுக்குப் பிறந்த இடம். ஆனா ஆழக் கரிசலில் இல்லை. சுண்ணாம்புப் பாறை தலைகாட்டும் மேட்டில். உங்க வீட்டில் வெறும் கரிசல்னா மேடு கட்டி, சல்லி கலந்து நடுங்க. வேர் பிடிச்சப்புறம் தண்ணியைக் குறைங்க. இலைக் கொத்து முழங்காலைத் தொடாது, பூந்தண்டு ஆளுயரம் போகும்.

கே: இது சோற்றுக்கற்றாழைதானே? முகத்துக்குத் தடவலாமா?

ப: இல்லை. கூடாது.

கே: பூத்தா செத்துடுமா?

ப: அது ஆனைக்கற்றாழை. இது பக்கக்கன்று விட்டுத் தூர் கட்டும்.

கே: பூவுக்குள்ள வெள்ளைப் பூச்சி. மருந்து அடிச்சேன். ஒரு காய்கூடப் பிடிக்கலை, ஏன்?

ப: மருந்து அடிச்சீங்களே, அப்புறம் எப்படிப் பிடிக்கும்? அது யூக்கா அந்துப்பூச்சியாத்தான் இருக்கும். பெண் பூச்சி மகரந்தத்தை வழிச்சு, உருண்டையா உருட்டி, வாயோரத்தில் கை மாதிரி இருக்கற உறுப்புகளால் தலைக்கடியில் இடுக்கிக்கிட்டு அடுத்த பூவுக்குப் போகும். சூலகத்தைத் துளைச்சு முட்டை வைக்கும். அப்புறம் மேலே ஏறி, சூல்முடிக் குழியில் மகரந்தத்தைத் திணிக்கும். வேணும்னே செய்யற வேலை! 1872-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் தாவரவியலாளர் ஜார்ஜ் எங்கல்மன் இதைக் கவனிச்சார். பூச்சியியலாளர் சார்லஸ் ரைலி விரிவா ஆராய்ஞ்சார்.

கே: அக்கா, நான் டாலஸ் பக்கத்து பிளேனோ ஊர். காயைப் பிளந்தா உள்ளே புழு, விதையெல்லாம் ஓட்டை. இதுக்குப் போய் வக்காலத்தா?

ப: எல்லா விதையையுமா தின்னுது? மிச்சத்தை எண்ணிப் பாருங்க. அந்தப் புழு அந்துப்பூச்சியோட குஞ்சு; அது தின்னற விதை, மகரந்தம் வெச்சதுக்குக் கூலி. முட்டை அதிகமான பூவைச் செடியே உதிர்த்துடும்.

கே: (மீண்டும் பிளேனோ) வேலையே செய்யாம கூலி வாங்கினா?

ப: நல்லா மடக்கினீங்க! அப்படியும் உண்டு. இந்த யூக்கா அந்துப்பூச்சிகளோட டெஜெட்டிகுலா பேரினத்திலேயே மகரந்தம் சுமக்காம, விளைஞ்ச காயில் முட்டை மட்டும் வெச்சுட்டுப் போற இனங்கள் இருக்கு. ஆனா எது உழைப்பாளி, எது ஏமாத்துக்காரன்னு மருந்துக்குத் தெரியாது. அடிக்காதீங்க.

கே: சென்னை மொட்டைமாடியில் காய்க்குமா?

ப: அங்கே அந்தப் பூச்சி கிடையாது. பூத்தா தூரிகையால் நீங்களே மகரந்தம் வைக்கணும். தண்ணி தேங்கவே கூடாது.

கே: இலை மஞ்சளாகுது, தினமும் தண்ணி விடறேன்…

ப: நிறுத்துங்க.

கே: அக்கா, இந்தக் கற்றாழை ஜெல்…

ப: மேலே படிங்க. நாய், பூனையையும் கடிக்க விடாதீங்க, யூக்காவில் இருக்கற சாபோனின்ங்கற சோப்பு மாதிரி நுரைக்கற பொருள் அதுங்களுக்கு ஆகாது.