சி டிரைவ் நிரம்பிவிட்டதா? பெங்களூரு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

அல்சூரிலிருந்து ஒரு கணக்கர்: ஐயா, எஸ்.பி. ரோட்டுக் கணினிக் கடையில் 128 ஜிபி எஸ்எஸ்டி (சேமிப்பு வட்டு) என்று சொல்லிக் கொடுத்தார்கள். கணினியோ 119 என்று காட்டுகிறது. இப்போது அதிலும் 2 ஜிபிதான் மிச்சம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

அவர்மேல் பழி போடாதீர்கள். தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1,024-இன் மடங்கில் எண்ணுகிறது. 256 ஜிபி வாங்கியிருந்தால் 238 என்று காட்டியிருக்கும்.

எதையும் அழிப்பதற்கு முன் இடத்தை எது அடைத்திருக்கிறது என்று பாருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் என்று போனால் மேலோட்டமாகத் தெரியும். துல்லியம் வேண்டுமென்றால் விஸ்ட்ரீ (WizTree) என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். டிரைவின் கோப்புப் பட்டியலை நேரடியாகப் படிப்பதால் சில நொடிகளில், பெரிய கோப்புறையை முதலில் வைத்து வரிசைப்படுத்திக் காட்டிவிடும். நான் பார்த்தவரை குற்றவாளிகள் மூன்று நான்கு பேர்தான். துண்டு துக்கடாக் கோப்புகளைத் துரத்துவது வீண் வேலை.

கே.ஆர்.புரத்திலிருந்து: ஒரே பொத்தானில் சுத்தம் செய்யும் மென்பொருள் எதையாவது சொல்லுங்கள் சார்.

வேண்டாம். விண்டோஸிலேயே அந்த வசதி இருக்கிறது: ஸ்டோரேஜ் பக்கத்தில் டெம்பரரி ஃபைல்ஸ். ஆனால் அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். அதில் டிக் போட்டு அழித்தால் சம்பளச் சீட்டு, ஆதார் நகல், வாடகை ஒப்பந்தம் எல்லாம் போய்விடும். ரீசைக்கிள் பின்னில் தேடினாலும் கிடைக்காது. அந்த வரியைத் தொடாதீர்கள்.

இந்திராநகரிலிருந்து: சி டிரைவில் 'ஹைபர்ஃபில்' என்று 6 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு இருக்கிறது. அழிக்க முயன்றால் மறுக்கிறது. வைரஸா?

வைரஸ் இல்லை. உங்கள் கணினியில் ரேம் 16 ஜிபி இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் சுமார் 40 சதவீத அளவுக்கு அந்தக் கோப்பு சி டிரைவில் இடம் எடுத்துக்கொள்ளும். ஹைபர்னேட் செய்யும்போது, அதாவது திறந்திருக்கும் வேலைகளை அப்படியே வைத்துக் கணினியை அணைக்கும்போது, ரேமில் இருப்பதை எழுதி வைப்பதற்காக ஒதுக்கிய இடம் அது. அந்த வசதியை அணைத்தால் கோப்பு தானாகப் போய்விடும். வேகமாகத் தொடங்கும் வசதியும் கூடவே போகும். மேசைக் கணினி என்றால் தாராளமாக அணைக்கலாம். மடிக்கணினியை மூடி வைத்து அப்படியே மறந்துவிடுபவராக இருந்தால் இருக்கட்டும், விடுங்கள். பேட்டரி தீரும்போது சேமிக்காத வேலையைக் காப்பாற்றுவது அதுதான்.

சிவாஜிநகரிலிருந்து ஒரு வாசகி: இடம் பிடிக்கிறதே என்று ஒன்டிரைவ் கோப்புறையிலிருந்த படங்களை அழித்தேன். கைப்பேசியில் திறந்த ஒன்டிரைவிலும் அவற்றைக் காணோம். மகளின் பிறந்தநாள் படங்கள், சார்.

பதறாதீர்கள் அம்மா. ஒன்டிரைவ் இணையதளத்தில் உள்ள ரீசைக்கிள் பின்னைத் திறந்து பாருங்கள். தனிநபர் கணக்கு என்றால் அழித்தவை 30 நாள்வரை அங்கே இருக்கும். முதல் வேலையாக மீட்டுவிடுங்கள். அந்தக் கோப்புறையும் இணையத்தில் உள்ளதும் ஒன்றுக்கொன்று ஒத்திசைக்கப்பட்டவை; இங்கே அழித்தால் அங்கும் அழியும். இனி இடம் வேண்டுமென்றால் அழிக்காமல், வலது கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுங்கள். பச்சை டிக் இருந்த இடத்தில் சிறு மேகச் சின்னம் வரும். படம் இணையத்தில் இருக்கும், கணினியில் இடம் பிடிக்காது.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து: டாக்கரில் (மென்பொருட்களைத் தனித்தனிப் பெட்டிகளாக இயக்கும் கருவி) பழைய இமேஜ்களை, அதாவது அந்தப் பெட்டிகளுக்கான அச்சுகளை, எல்லாம் நீக்கிவிட்டேன். சி டிரைவில் ஒரு ஜிபிகூடத் திரும்பவில்லையே?

இந்த ஊரில் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி. டாக்கர் தன் சரக்கை எல்லாம் ஒரே மெய்நிகர் வட்டுக் கோப்புக்குள் வைத்திருக்கிறது. உள்ளே சேரச் சேர அந்தக் கோப்பு பெருக்கும். உள்ளே காலி செய்தாலும் தானாக இளைக்காது. டாக்கரை மூடி, விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல்லையும் முழுமையாக நிறுத்திவிட்டு, விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க்பார்ட் கருவியில் அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்துச் சுருக்கும் கட்டளையைக் கொடுங்கள். அதற்குமுன் டாக்கர் தரவைச் சேமிக்கும் வால்யூம்களில் தரவுத்தளம் ஏதும் இருந்தால் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். டி டிரைவ் இருந்தால் டாக்கர் செட்டிங்ஸிலேயே வட்டுக் கோப்பின் இடத்தை அங்கே மாற்றிவிடலாம். நான் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

மீண்டும் அல்சூர் கணக்கர்: பார்த்துவிட்டேன் ஐயா. 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்ற கோப்புறைதான் பெரிது. அழிக்கட்டுமா? இல்லையென்றால் பெரிய எஸ்எஸ்டி வாங்கிவிடவா?

அதில் கை வைக்காதீர்கள், விண்டோஸே படுத்துவிடும். வேறு இடத்தில் இருக்கும் அதே கோப்புகளை அங்கேயும் சேர்த்து எண்ணுவதால்தான் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. டெம்பரரி ஃபைல்ஸ் பட்டியலில் விண்டோஸ் அப்டேட் கிளீனப் இருந்தால் அதை மட்டும் கொடுங்கள்.

128 ஜிபியில் அலுவலக வேலையும் வீட்டுப் படங்களும் சேர்ந்தால் நெருக்கடிதான், வாங்குவதே நல்லது. எஸ்.பி. ரோட்டுக்குப் போகும் முன் மடிக்கணினியின் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எம்.2 எனப்படும் மெல்லிய அட்டை வடிவ எஸ்எஸ்டிகளில் சாட்டா, என்விஎம்இ என இரண்டு வகை உண்டு. பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், ஒன்றுக்கான இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். பழைய எஸ்எஸ்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். உங்கள் வாடிக்கையாளர்களின் கணக்கெல்லாம் அதில்தானே இருக்கிறது.