சூலூர் ஓடுதளம் நமக்கு எதற்கு?

கேள்வி: டார்ஜிலிங் போகிறவர்கள் பாக்டோக்ரா விமானப்படைத் தளத்தில்தான் இறங்குகிறார்கள். புனேயிலும் அப்படித்தான். மலைக்குக் கீழே சூலூரில் அவ்வளவு பெரிய தளம் சும்மா கிடக்கிறது. அதை நீலகிரி மக்களுக்கும் திறந்துவிட்டால் என்ன?
– வாசகர், குன்னூர்

பதில்: சும்மா கிடக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? தேஜஸ் போர் விமானங்களோடு 45ஆம் ஸ்குவாட்ரன், அதாவது விமானப்படைப் பிரிவு, 2018இல் சூலூருக்கு வந்தது. 2020 மே மாதம் 18ஆம் ஸ்குவாட்ரனும் அங்கேயே தேஜஸ் ஓட்டத் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் தரங் சக்தி கூட்டுப் பயிற்சிக்கு ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானப்படைகள் வந்து இறங்கியதும் அந்த ஓடுதளத்தில்தான். இவ்வளவும் வேண்டாம், அதே ஆண்டு மார்ச்சில் உங்கள் குன்னூர்க் காடு பற்றி எரிந்ததே, நினைவிருக்கிறதா? வயிற்றுக்குக் கீழே கயிற்றில் பெரிய வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு, ரேலியா அணையில் தண்ணீர் மொண்டு வந்து தீயின் மேல் கொட்டியது சூலூரிலிருந்து வந்த விமானப்படை ஹெலிகாப்டர். அந்தத் தளம் ஏற்கெனவே நமக்காகவும்தான் வேலை செய்கிறது.

சரி, திறந்தே விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். படைத்தளத்தில் பயணிகள் விமானம் இறங்கினால் ஓடுதளம் அவர்களுடையது, கட்டுப்பாட்டுக் கோபுரமும் அவர்களுடையது. விமான நிலைய ஆணையத்தின் கையில் இருப்பது பயணிகள் முனையமும் விமானங்கள் நிற்கும் இடமும்தான். எந்த நேரத்தில் எத்தனை விமானம் என்பதைப் படைதான் சொல்லும். சொல்லத்தான் வேண்டும், தளம் இருப்பதே அவர்கள் வேலைக்காக. புனேயில் ஓடுதளத்தைப் புதுப்பிக்க 2020 அக்டோபர் முதல் ஏறத்தாழ ஓர் ஆண்டு இரவு விமானங்களே இல்லை. கடைசியில் 2021 அக்டோபர் 16 முதல் 29 வரை பகலிலும் அடைத்துவிட்டார்கள். நீங்கள் உதாரணம் காட்டும் பாக்டோக்ராவை 2022இல் ஏப்ரல் 11 முதல் 25 வரை மூடினார்கள். மலைக்குக் கூட்டம் ஏறுகிற நேரம் அது! ஏப்ரலில் ஊட்டிக்கு வருகிற வழி இரண்டு வாரம் அடைபட்டால் நம் லாட்ஜ்காரரும் டாக்சிக்காரரும் என்ன ஆவார்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கோவாவின் டாபோலிம் கடற்படையின் தளம். வார நாட்களில் காலை நேரம் அவர்கள் பயிற்சிக்குப் போய்விடும், மிச்ச நேரத்தில்தான் பயணிகள் விமானங்கள் நெருக்கியடித்து வரும். பல ஆண்டு பொறுத்துப் பார்த்து மோபாவில் தனி விமான நிலையமே கட்டினார்கள், 2023 ஜனவரியில் அங்கே விமானங்கள் வரத் தொடங்கின. விசாகப்பட்டினத்துக்காரர்களும் கடற்படைத் தளத்தை நம்பியிருந்தது போதும் என்றுதான் போகாபுரத்தில் தனி விமான நிலையம் கேட்டு வாங்கினார்கள். பகிர்ந்து பார்த்த ஊர்கள் வெளியே வர வழி தேடுகின்றன, நாம் உள்ளே போகக் கேட்கிறோம்.

பாக்டோக்ராவின் நிலைமை வேறு. அந்த மலைக்காரர்களுக்குப் பக்கத்தில் வேறு பெரிய விமான நிலையம் கிடையாது. நமக்குப் பீளமேட்டில் கோவை விமான நிலையம் இருக்கிறது, முழுக்கப் பொதுமக்களுக்கென்றே. மேட்டுப்பாளையம் இறங்கிப் போகிற நமக்குச் சூலூர் ஒன்றும் கிட்டத்தில் இல்லை, பீளமேட்டையும் தாண்டிக் கிழக்கே போக வேண்டும். பீளமேட்டு ஓடுதளத்தின் நீளம் 2,990 மீட்டர். அதை 3,800 ஆக்க வேண்டும் என்ற திட்டம் பத்தாண்டுக்கும் மேலாக நில எடுப்பில் இழுபட்டது. 600 ஏக்கருக்கு மேல் தேவைப்பட்ட அந்த நிலத்தில் பாதுகாப்புத் துறையின் நிலமும் அடக்கம். பாதுகாப்புத் துறையிடம் நாம் கேட்க வேண்டியிருந்தது அந்த நிலத்தைத்தான். அப்போது மலையிலிருந்து எத்தனை பேர் குரல் கொடுத்தோம்?

சூலூரிலிருந்து ஹெலிகாப்டராவது விடலாமே என்று இன்னொரு வாசகர் எழுதியிருக்கிறார். 2021 டிசம்பர் 8 அன்று ஜெனரல் பிபின் ராவத் ஏறிய ஹெலிகாப்டர் சூலூரில் 11.48க்குக் கிளம்பியது. 12.15க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். 12.08 வாக்கில் தொடர்பு அறுந்தது, குன்னூர் அருகே விழுந்து எரிந்தது. தேர்ந்த படை விமானிகள்தான் ஓட்டினார்கள். பள்ளத்தாக்கில் திடீரென்று மாறிய வானிலையில் மேகத்துக்குள் போனதே காரணம் என்றது விசாரணை. குடத்தில் தண்ணீரும் கையில் போர்வையுமாக ஓடியவர்கள் நஞ்சப்பசத்திரத்து மக்கள். இந்த மேகத்தைத் தினம் பார்க்கிற நாம், அதற்குள் நேர அட்டவணை போட்டுப் பயணிகளை அனுப்பச் சொல்லக் கூடாது.

நம் கஷ்டம் விமானம் தரையிறங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. இருமலுக்கு மருந்து சாப்பிடும் தாயையும் இரண்டு பெட்டியையும் கூட்டிக்கொண்டு ஒருவர் பீளமேட்டில் இறங்குகிறார். அவினாசி ரோட்டில் டவுன் பஸ் பிடித்து ஊருக்குள் போய், அங்கே மாறி, மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஊட்டி பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். அதற்கு மேல் பர்லியாறு மலைப்பாதை. மழைக் காலத்தில் மண் சரிந்தால் கோத்தகிரி சுற்றிப் போக வேண்டும். டில்லியிலிருந்து கோவை வர மூன்று மணி நேரம், கோவையிலிருந்து குன்னூர் வீடு சேரப் பல நாள் அதைவிட அதிகம். சூலூரைத் திறந்தால் இதில் ஒரு நிமிஷம்கூடக் குறையாது.

விமான நேரத்துக்கு ஏற்றபடி பீளமேட்டு வாசலிலிருந்தே மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாக ஊட்டிக்கு அரசு பஸ் வேண்டும். மழைக்கு முன்பே மலைப்பாதையின் சரிவுகளுக்குத் தடுப்புச் சுவர் கட்டி முடிக்க வேண்டும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு இந்த இரண்டையும் கேட்டு மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.