டஞ்சனுக்கு எந்தச் செற்? – வாசகர் கேள்வி பதில்

‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஒன்லைன்’ என்ற இணைய விளையாட்டை விளையாடும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், நாலு பேர் சேர்ந்து இறங்கும் டஞ்சன்களுக்கான டமேஜ் செற்றுகள் (சேர்த்துப் போட்டால் அடிக்குப் பலம் கூட்டும் கவச, நகை, ஆயுதத் தொகுதிகள்) பற்றியவை மட்டும் இம்முறை.

கில்ட் (விளையாடுபவர் சங்கம்) வீட்டில் உள்ள பெரிய டம்மியில் (அடித்துப் பழகும் பொம்மை) 80 ஆயிரம் டிபிஎஸ் (செக்கனுக்கு அடிக்கும் டமேஜ்) காட்டுகிறது. வெற்றரன் (கடின நிலை) டஞ்சனில் 35 ஆயிரத்தைத் தாண்டவே இல்லை. செற்றில் பிழையா?
– வாசகர், கோண்டாவில்

செற்றில் பிழை இருக்கலாம், ஆனால் டம்மி அதைக் காட்டித் தராது. 21 மில்லியன் உயிருள்ள அந்த இரும்புப் பொம்மை, 12 பேர் போகும் ட்ரயலை மனதில் வைத்துச் செய்தது. குழு தரக்கூடிய பஃப் (உங்களைப் பலப்படுத்துவது), டிபஃப் (எதிரியைப் பலவீனப்படுத்துவது) எல்லாவற்றையும் அதுவே உங்களுக்குத் தந்துவிடுகிறது. டஞ்சனில் மற்ற மூன்று பேரும் எதைக் கொண்டுவருகிறார்களோ அதுதான் கணக்கு.

முதலில் பார்க்கவேண்டியது பெனற்றேசன், அதாவது எதிரியின் கவசத்தைத் துளைக்கும் அளவு. டஞ்சன் பொஸ்ஸின் கவசம் 18,200. டாங்க் (எதிரியின் அடியைத் தன்மேல் வாங்குபவர்) ‘பியர்ஸ் ஆர்மர்’ அடித்தால், கவசத்தைக் குறைக்கும் டிபஃப்களான மேஜர் பிரீச் 5,948, மைனர் பிரீச் 2,974 கழியும், மிச்சம் 9,278. நீங்கள் லைற் ஆர்மர் ஐந்து போட்டிருந்தால், துண்டுக்கு 939 வீதம் 4,695. சாம்பியன் பொயின்ற்றில் (உச்ச லெவலுக்குப் பிறகு சேரும் புள்ளிகள்) ‘பியர்சிங்’ 700. இன்னும் 3,883 நிற்கிறது. இந்த இடத்தில் ‘லவர்’ முண்டஸ் கல்லின் (தொட்டால் நிரந்தரப் பலன் தரும் கல்) 2,744 பிரயோசனமானது.

அதே டாங்க் இன்ஃபியூஸ்ட் ட்ரெயிட் (பொருளின் சிறப்புக் குணம்) உள்ள ஆயுதத்தில், கவசத்தைக் குறைக்கும் ‘க்ரஷர்’ மந்திரம் போட்டு வந்தால் இன்னொரு 2,108 கழிந்து, மிச்சம் 1,775தான். இப்போது லவர் கல் 969 மிஞ்சும். டிவைன்ஸ் ட்ரெயிட் போட்டிருந்தால் கல்லின் பலம் இன்னும் கூடும், வீண் போவதும் கூடும். நிறைகுடத்தில் ஊற்றிய தண்ணீர்! அப்படியான குழுவில், கிரிற்றிக்கல்லை (இடையிடையே விழும் பலமான அடி) கூட்டும் ‘தீஃப்’ அல்லது ‘ஷடோ’ கல்லுக்கு மாறுங்கள். எல்லா டிபஃபும் தரும், ஒழுங்கான டாங்க் உள்ள குழுவென்றால் மீடியம் ஆர்மரையும் யோசிக்கலாம். துண்டுக்கு 2% கிரிற்றிக்கல் டமேஜ் கூட்டித் தரும். ஆனால் கிரிற்றிக்கல் டமேஜ் 125%க்கு மேல் ஏறாது என்பதையும் பாருங்கள்.

முதல் பொஸ்ஸுக்கு முன் “க்ரஷர் இருக்கா?” என்று ஒரு வரி தட்டிக் கேட்டால் போதும். வரிசையில் காத்திருக்கப் பஞ்சிப்பட்டு, டாங்க் என்று பொய் சொல்லி வருகிறவர்கள் கனபேர். ரோன்ற் (எதிரியைத் தன் பக்கம் இழுக்கும் ஸ்கில்) கூட இல்லாத ஆளென்றால் பிரீச்சைக் கணக்கில் எடுக்காதீர்கள். நீங்களே டிஸ்ட்ரக்சன் ஸ்ராஃபின் ‘வீக்னஸ் ரு எலெமென்ற்ஸ்’ போட்டு மேஜர் பிரீச்சை வைத்துக்கொள்ளுங்கள்.

மதர்ஸ் சொரோ, பில்லர் ஒஃப் நேர்ன் என்ற இரண்டு செற்றும் போட்டிருக்கிறேன். பார் (ஆயுதமும் ஸ்கில்களும் சேர்ந்த வரிசை) மாற்றியதும் ஐந்தாம் துண்டின் போனஸ் காணாமல் போகிறது.
– வாசகி, சாவகச்சேரி

எண்ணிப் பாருங்கள்: உடம்பில் 7, நகை 3, ஆயுதம் 2, மொத்தம் 12. ஸ்ராஃபும் இரு கை வாளும் வில்லும் இரண்டாக எண்ணப்படும். தலையும் தோளும் மொன்ஸ்டர் செற்றுக்குப் போனால், உடம்பில் மிஞ்சும் ஐந்தும் மதர்ஸ் சொரோ. அது கிரிற்றிக்கல் வாய்ப்பைத் தரும் செற். ஒரு நொடியும் அணையக் கூடாது. மூன்று நகையும் முன் பாரின் ஸ்ராஃபும் பில்லர். உங்களுடையது மறுவளமாக, மதர்ஸ் சொரோ நகையிலும் ஆயுதத்திலும் இருக்கிறதுபோல. அதனால்தான் பின் பாருக்குப் போனதும் அணைகிறது.

பில்லர் பின் பாரில் இல்லாவிட்டாலும் பெரிய நட்டமில்லை. ஒருமுறை கிளம்பினால் 10 செக்கன் இரத்தம் கசிய வைக்கும். கூல்டவுனும் (மறுபடி கிளம்பும்வரை காத்திருக்கும் நேரம்) 10 செக்கன்தான். நட்டம் வருவது வேறிடத்தில். நிலம் பிளந்து ஒரு செக்கன் கழித்துத்தான் வெடிக்கும். அதற்குள் டாங்க் பொஸ்ஸை இழுத்துக்கொண்டு நடந்தால் வெறும் தரைதான் வெடிக்கும். பொஸ் ஓரிடத்தில் நின்றபின் அடியைத் தொடங்குங்கள்.

மதர்ஸ் சொரோவைக் கில்ட் ட்ரேடரிடம் வாங்கலாம். பில்லர் ஃபோக்ரீத் ஹோல்ட் டஞ்சனில் மட்டுமே விழும். விழுந்ததைக் கூட வந்தவருக்கு இரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுக்கலாம், ஆகவே வெட்கப்படாமல் கேளுங்கள்.

பிங் (இணையத் தாமதம்) 200க்கு மேலே. லைற் அற்றாக் (ஆயுதத்தின் சின்ன அடி) பாதி விழுவதேயில்லை. வேறு வழி?
– வாசகர், பருத்தித்துறை

ஒரு செக்கனுக்கு ஒரு ஸ்கில், இடையில் ஒரு லைற் அற்றாக் என்ற தாளத்தில் பிங் கூடினால் இடைவெளி விழத்தான் செய்யும். அந்தத் தாளத்தை நம்பாத செற் போடுங்கள். ‘ஓக்கன்சோல்’ மோதிரமும் ‘சார்ஜன்ற்ஸ் மெயில்’ செற்றும் மின்னல் ஸ்ராஃபோடு நல்ல சோடி. மோதிரம் பார் மாற்ற விடாது, பதிலுக்குப் பல பஃப்களை எந்நேரமும் தரும். ஹெவி அற்றாக்கை அழுத்திப் பிடித்தால் மின்னல் பக்கத்தில் நிற்பவர்களிலும் பாயும். சார்ஜன்ற்ஸ் ஐந்து, இன்னொரு செற் ஐந்து, மோதிரம் ஒன்று, மொன்ஸ்டர் செற்றின் தலை ஒன்று, சரியாகப் பன்னிரண்டு. சார்ஜன்ற்ஸ் விழும் வேரெஸ்ற் சூவர்ஸிலேயே, வெற்றரன் முதற் பகுதியில், ‘ஸ்லைம்க்ரோ’ தலையும் விழும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

பிடியை இடையில் விட்டால் கடைசிப் பெரிய அடி வராது. அதுவே ஆகக் கூடுதலாக நடக்கும் பிழை. பொஸ்ஸின் சிவப்பு வட்டம் வருவதைப் பார்த்து, விலகி நின்றபின் புதிதாகப் பிடியுங்கள்.

ரோசின், ட்ரூ வக்ஸ் (தரம் உயர்த்தும் பொருள்கள்) எல்லாம் கொஞ்சம்தான் இருக்கிறது. எதை முதலில் பொன்னாக்க (உச்சத் தரம்)?
– வாசகர், நல்லூர்

முன் பார் ஆயுதத்தை. ஊதாவில் இருந்து பொன்னுக்கு, தொழில் பாசிவ் (தானாக இயங்கும் திறன்) நிறைந்திருந்தால் 8 ரோசின், இல்லாவிட்டால் 20. பாசிவ் இல்லாமல் கை வைக்காதீர்கள். கவசம் ஊதாவிலேயே கிடக்கட்டும்.

சாம்பியன் பொயின்ற் 90. இப்போதே செற் தேடலாமா?
– மாணவர், கொக்குவில்

தேடாதீர்கள் தம்பி. 160 வரை கிடைக்கும் எல்லாம் கழற்றி எறியப்போகிறவை. ட்ரெயிட் ஆராய்ச்சியை மட்டும் இன்றைக்கே தொடங்கிவிடுங்கள். ‘ஓர்டர்ஸ் ராத்’ செற் செய்ய 3 ட்ரெயிட் வேண்டும், ‘ஹண்டிங்ஸ் ரேஜ்’ செய்ய 6.