வலி இருக்கும் இடத்திலேயே மருந்து வைத்தால் மாதவிடாய் வலி குறையுமா?

கேள்வி இதுதான்: மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது, சில மாதம் வாந்தியோடு மாத்திரையும் வெளியே வந்துவிடுகிறது. விழுங்காமல் கர்ப்பப்பைக்குப் பக்கத்திலேயே வைக்கிற மருந்து, பேட்ச், மருந்து தடவிய டேம்பான் என்று புதிதாக ஏதேதோ வருகிறதாமே, அதெல்லாம் நிஜமாகவே வேலை செய்யுமா?

நான் டாக்டர் இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து இந்த வலியோடு குடித்தனம் நடத்துகிறவள், மருந்து அட்டைக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளைக்கூட விடாமல் படிக்கிறவள், அவ்வளவுதான். நேராகச் சொல்லிவிடுகிறேன். யோசனை சரியானது, அறிவியலும் அதன் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு நம்பிக் கையில் எடுக்கக்கூடியவை என்று பார்த்தால் அடிவயிற்றுச் சூடும், கர்ப்பப்பைக்குள் பொருத்துகிற ‘ஹார்மோன் காயில்’ என்ற சின்னச் சாதனமும்தான். மற்றதில் பெரும்பாலானவை ஒன்று ஆய்வு நிலையில் இருக்கின்றன, இல்லையென்றால் விளம்பர நிலையில் இருக்கின்றன.

முதலில் வலி எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம், அது தெரியாமல் மருந்தை எங்கே வைத்தால் என்ன என்று பேச முடியாது. பீரியட்ஸ் தொடங்குவதற்குச் சற்று முன்னால் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவு இறங்குகிறது, உடனே கர்ப்பப்பையின் உள்சுவர் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை நிறைய உற்பத்தி செய்கிறது. அது கர்ப்பப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. பிழிகிற வேகத்தில் தசைக்குள் ஓடும் ரத்தக்குழாய்களும் நசுங்கி, ரத்தம் போதாமல் தசை வலிக்கிறது. அதே புரோஸ்டாகிளாண்டின் கொஞ்சம் ரத்தத்திலும் கலப்பதால்தான் பலருக்கு முதல் நாளில் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு எல்லாம் சேர்ந்தே வருகிறது. வேறு நோய் எதுவும் இல்லாமல் வருகிற சாதாரண மாதவிடாய் வலி என்றால் பெரும்பாலும் 8 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை இருந்துவிட்டு அடங்கிவிடும்.

இபுபுரூஃபன், நாப்ராக்சன், மெஃபனாமிக் ஆசிட், டைக்ளோஃபெனாக் எல்லாம் இந்தப் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத்தான் நிறுத்துகின்றன. வலியை மரத்துப்போகச் செய்வதில்லை, வலிக்குக் காரணமான சரக்கையே வரவிடாமல் செய்கின்றன, அதனால்தான் இந்த வலிக்குப் பாரசிட்டமாலைவிட இவை நன்றாகக் கேட்கின்றன. இருந்தாலும் 80 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட அலசலில், நல்ல நிவாரணம் கிடைத்தவர்கள் 100 பேருக்கு 45 முதல் 53 பேர்தான், வெறும் போலி மாத்திரையில் 18 பேர். அதாவது ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த மாத்திரைகள் போதவில்லை. இன்னொரு சங்கடம், புரோஸ்டாகிளாண்டின் இரைப்பையின் உள்சுவரைக் காக்கிற வேலையையும் செய்கிறது, மாத்திரை அங்கேயும் போய் அதை நிறுத்திவிடுகிறது. உங்களுக்கு வயிறு எரிவதற்குக் காரணம் இதுதான். வலி கர்ப்பப்பையில், மருந்தோ உடம்பு முழுக்க. மருந்தை அந்த இடத்துக்கு மட்டும் அனுப்ப முடியாதா என்ற கேள்வி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

அனுப்ப முடியும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. யோனியில் வைக்கிற புரோஜெஸ்டிரோனை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியாகப் போட்டால் ரத்தத்தில் அளவு அதிகமாக இருக்கும், யோனியில் வைத்தால் ரத்தத்தில் குறைவாக இருக்கும், ஆனால் கர்ப்பப்பைச் சுவரில் போய்ச் சேர்கிற அளவு யோனியில் வைக்கும்போதுதான் அதிகம். அறுவை சிகிச்சையில் எடுத்த கர்ப்பப்பைகளை வைத்தே ஆராய்ச்சியாளர்கள் இதைச் செய்து பார்த்து 1997-இல் எழுதினார்கள்: மருந்து உடம்பைச் சுற்றி வராமல் நேரே மேலே கர்ப்பப்பைக்குள் ஏறுகிறது. சோதனைக்குழாய்க் குழந்தைக்கான சிகிச்சை எடுத்துக்கொள்பவர்களுக்கு யோனியில் வைக்கிற ஜெல்லும் மாத்திரையும் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் வலி மருந்தை ஏன் இன்னும் யாரும் ஒழுங்காக அனுப்பவில்லை என்று எனக்கும் கோபம் உண்டு.

அனுப்பிப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. 2013-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், வயாகராவாக எல்லோருக்கும் தெரிந்த சில்டனாஃபில் 100 மில்லிகிராமை வலி வந்த நேரத்தில் யோனியில் வைத்தார்கள். அது ரத்தக்குழாயை விரிக்கிற மருந்து, நசுங்கிய குழாய் விரிந்தால் தசைக்கு ரத்தம் போகும், வலி குறையும் என்பது கணக்கு. அடுத்த நாலு மணி நேரத்தில் போலி மருந்து வைத்தவர்களைவிட இவர்களுக்கு வலி நன்றாகவே குறைந்தது. ஆனால் கலந்துகொண்டவர்கள் 25 பேர்தான், பணம் தீர்ந்து ஆய்வை முன்கூட்டியே முடித்துக்கொண்டார்கள். 25 பேரை வைத்து ஒரு மருந்தைக் கடைக்குக் கொண்டுவர முடியாது. அதே மருந்து வேறொரு தேவைக்கு எவ்வளவு வேகமாக உலகம் முழுக்கப் போனது என்று நினைத்துப் பாருங்கள், நான் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

சிபிடி தடவிய டேம்பான், சிபிடி சப்போசிட்டரி (விழுங்காமல் உடம்புக்குள் வைத்துக் கரையவிடுகிற மருந்து) என்று கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கிற பொருளை வைத்து இணையத்தில் நிறைய விற்கிறார்கள். பொட்டலம் அழகாக இருக்கிறது, விமர்சனங்கள் உருக்கமாக இருக்கின்றன, மாதவிடாய் வலிக்கு இது வேலை செய்கிறது என்று சொல்லும் வலுவான ஆய்வு இல்லை. பல நாடுகளில் சட்டப் பிரச்சினையும் உண்டு. என்னைக் கேட்டால் வேண்டாம்.

டேம்பானில் மருந்து என்பதில் இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. டேம்பானின் வேலை உறிஞ்சுவது, மருந்தின் வேலை வெளியே கசிவது, இரண்டும் எதிரெதிர். போதாக்குறைக்கு உதிரப்போக்கே மருந்தைக் கழுவிக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் சுவரில் ஒட்டிக்கொள்கிற ஜெல், மெதுவாக மருந்து விடுகிற வளையம் என்று யோசிக்கிறார்கள். மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு டேம்பானை 8 மணி நேரத்துக்கு மேல் உள்ளே வைக்கக் கூடாது, பாக்டீரியா நச்சால் வருகிற டாக்ஸிக் ஷாக் என்ற ஆபத்து அரிதானது என்றாலும் உயிருக்கே உலை வைக்கக்கூடியது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் படித்துவிட்டு, சரி, வீட்டில் இருக்கிற வலி மாத்திரையையே உள்ளே வைத்துப் பார்ப்போமே என்று யாருக்காவது தோன்றினால், தயவுசெய்து செய்யாதீர்கள். வாய்வழி டைக்ளோஃபெனாக் மாத்திரை பலவற்றின் மேல் பூச்சு இரைப்பையின் அமிலத்தில் கரையாமல் அதைத் தாண்டிக் குடலில் கரைகிற மாதிரி செய்யப்பட்டது. யோனியும் இயல்பில் அமிலத்தன்மை உள்ள இடம், அதன் பிஎச் சுமார் 3.8 முதல் 4.5 வரை. மாத்திரை கரையாமல் அப்படியே கிடந்து வெளியே வரலாம், அல்லது உதிரம் கலந்து அமிலம் குறைந்த நேரத்தில் ஒரே இடத்தில் கரைந்து அங்கே புண்ணாக்கலாம். எது நடக்கும் என்று சொல்ல முடியாது.

விழுங்க முடியாத அளவுக்கு வாந்தி இருப்பவர்களுக்கு முறையான வழி ஆசனவாயில் வைக்கிற டைக்ளோஃபெனாக் சப்போசிட்டரி. எனக்கு வாந்தி அதிகமான காலத்தில் டாக்டர் எழுதிக்கொடுத்தது இதைத்தான். மெழுகு மாதிரி வழுவழுவென்று, விரல் நுனி அளவில், ஒரு பக்கம் கூம்பாக இருக்கும். வெயில் காலத்தில் உறையைப் பிரிப்பதற்குள் இளகிவிடும், கொஞ்ச நேரம் குளிர்ந்த தண்ணீரில் உறையோடு போட்டு வைத்தால் கெட்டியாகும். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மடக்கி, கூம்பு நுனி முதலில் போகிற மாதிரி வைத்துவிட்டு எழுந்திருக்காமல் கிடக்க வேண்டும். முதல் தடவை கூச்சமாக இருக்கும், வாந்தியும் வலியும் ஒன்றாக இருக்கிற நாளில் கூச்சமெல்லாம் தானாகப் போய்விடும். ஆனால் ஏமாற வேண்டாம், இது ‘உள்ளூர்’ மருந்து இல்லை. பக்கத்தில் வைத்தாலும் ரத்தத்தில் கலந்துதான் வேலை செய்கிறது, இரைப்பைப் புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் கிளம்புகிற ஆஸ்துமா இருப்பவர்களுக்கு மாத்திரைக்குச் சொல்லும் எச்சரிக்கை அப்படியே இதற்கும் பொருந்தும்.

அப்புறம் சூடு. இதைச் சொன்னால் பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிடுகிறார்கள். 2001-இல் வெளிவந்த ஒரு ஆய்வில் சுமார் 39 டிகிரி செல்சியஸில் நிற்கிற சூட்டு பேட்சை அடிவயிற்றில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வைத்தவர்களையும், 400 மில்லிகிராம் இபுபுரூஃபனை மூன்று வேளை போட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். நிவாரணம் கிட்டத்தட்ட சமம். இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு ஒன்றரை மணி நேரத்தில் வலி குறையத் தொடங்கியது, மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு ஏறக்குறைய 2.8 மணி நேரம் ஆனது. ஒட்டுகிற பேட்ச் என்றால் உள்ளாடையின் வெளிப்பக்கம் ஒட்டுகிற வகையா, தோலில் நேரடியாக ஒட்டுகிற வகையா என்று உறையைப் பார்த்துக்கொள்ளுங்கள், வெளியே ஒட்டுவதைத் தோலில் ஒட்டினால் கொப்புளம் போடும். தூங்கும்போது வேண்டாம். வெந்நீர்ப் பையில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றித் தோல் கறுத்துப்போனவர்களையும் பார்த்திருக்கிறேன், இதமான சூடு நீண்ட நேரம் இருப்பதுதான் வேலை செய்கிறது, பொறுக்க முடியாத சூடு கொஞ்ச நேரம் இருப்பது இல்லை.

நைட்ரோகிளிசரின் பேட்ச் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கர்ப்பப்பையைத் தளர்த்துகிறது உண்மை, கூடவே தலைவலியைக் கொண்டுவருகிறது, டைக்ளோஃபெனாக்கோடு வைத்துப் பார்த்ததில் பின்தங்கிவிட்டது. தோல் வழியாக லேசான மின்சாரம் செலுத்துகிற டென்ஸ் என்ற சின்னக் கருவி மருந்தே இல்லை, ஆனால் சிலருக்கு நன்றாகக் கேட்கிறது.

நிஜமான இடம் பார்த்த மருந்து என்றால் ஹார்மோன் காயில்தான். ஆங்கில டி எழுத்து வடிவில் இருக்கும், கர்ப்பப்பைக்குள்ளேயே வைப்பார்கள். 52 மில்லிகிராம் வகை தொடக்கத்தில் நாளைக்கு சுமார் 20 மைக்ரோகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனை விடும். உள்சுவரை மெல்லியதாக்கிவிடுகிறது, சுவர் மெலிந்தால் புரோஸ்டாகிளாண்டினும் குறைவு, உதிரப்போக்கும் குறைவு. என் அக்கா அதிக உதிரப்போக்குக்காக இதை வைத்துக்கொண்டாள். வைக்கிற அன்று நன்றாகவே வலித்தது, முதல் சில மாதம் நினைத்த நேரத்தில் எல்லாம் சொட்டுச் சொட்டாகப் பட்டது, “இதை எடுத்துவிடலாமா”ன்னு வாராவாரம் போன் செய்வாள். பிறகு உதிரப்போக்கு ஏறக்குறைய நின்றே போனது, வலியும் அதோடு போனது. இதிலும் கொஞ்சம் ஹார்மோன் ரத்தத்தில் கலக்கத்தான் செய்யும், சிலருக்கு முகப்பரு, மார்பில் வலி, மனநிலை மாற்றம் வரலாம். இது கருத்தடைச் சாதனம் என்பதால் சீக்கிரம் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு ஒத்துவராது. குழந்தை பெறாதவர்களுக்கு வைக்கவே கூடாது என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள், அப்படி ஒன்றும் கிடையாது. தாமிரக் காயிலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது உதிரப்போக்கையும் வலியையும் கூட்டலாம்.

உங்களுக்கு இப்போதைக்கு என்ன செய்யலாம் என்றால், டாக்டரிடம் வாந்தி வருவதையும் வயிறு எரிவதையும் தனித்தனியாகச் சொல்லுங்கள், இரண்டுக்கும் வழி வேறு. மாத்திரை ஒத்துக்கொள்ளும் மாதங்களில் வலி உச்சத்துக்குப் போகும்வரை காத்திருக்காமல், உதிரம் தெரிந்தவுடனேயே சாப்பிட்டுவிட்டுப் போடுவது பலன் தரும், ஏனென்றால் ஏற்கெனவே சுரந்துவிட்ட புரோஸ்டாகிளாண்டினை அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. பீரியட்ஸ் இல்லாத நாளிலும் அடிவயிறு வலிக்கிறது, உடலுறவின்போதோ மலம் கழிக்கும்போதோ வலிக்கிறது, வருடத்துக்கு வருடம் வலி கூடுகிறது என்றால் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சுவர் போன்ற திசு அதற்கு வெளியே வளர்கிற நோய்) மாதிரி வேறு காரணம் இருக்கலாம், அதற்கு ஸ்கேன் சரியாக இருக்கிறது என்ற ஒரே பதிலோடு அனுப்பிவிட்டால் இன்னொரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், ஏனென்றால் எண்டோமெட்ரியோசிஸ் சாதாரண ஸ்கேனில் தெரியாமலே போவது உண்டு.